தகர டப்பாவுக்குள் கிஸ்து ரசீது

பழைய புகையிலை டப்பா சேர்க்கிறேன் என்றால் தோழர்கள் சிரிக்கிறார்கள். "நமக்கு எதுக்குண்ணே இந்த ஜமீன்தார் பொழுதுபோக்கு?" என்று ஒரு தம்பி கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

என்னிடம் முப்பதுக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இருக்கின்றன. சில செங்கல்பட்டு காயலான் கடைகளில் எடைக்கு வாங்கியவை. சில மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கும் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை. வாங்க வருகிறவர்கள் மூடியில் உள்ள படத்தைப் பார்ப்பார்கள். எனக்கு வேறு இரண்டு கேள்விகள். இதை நிரப்பியது யாருடைய உழைப்பு? காலியான பிறகு இது யார் வீட்டுக்குப் போனது?

ஐம்பது சிகரெட் பிடிக்கும் வட்டமான கேப்ஸ்டன் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை விற்ற வில்ஸ் கம்பெனி 1786-ல் பிரிஸ்டலில் தொடங்கியது. 1865-ல் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழியும்வரை, அங்கிருந்து வந்த புகையிலை பெரும்பாலும் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பில் விளைந்தது. 1901-ல் வில்ஸ் உள்ளிட்ட கம்பெனிகள் இம்பீரியல் டுபாக்கோவாக இணைந்தன. 1910-ல் கல்கத்தாவில் இம்பீரியல் டுபாக்கோ பெயரில் தொடங்கப்பட்ட இந்தியக் கம்பெனிதான் இன்றைய ஐ.டி.சி.

என்னிடம் இல்லாத டப்பா ஒன்றும் உண்டு. 1914 கிறிஸ்துமஸுக்கு, 17 வயது இளவரசி மேரியின் பெயரில் போர்முனைக்குப் போன பித்தளை டப்பா. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அதில் புகையிலையும் சிகரெட்டும். சீக்கியர்கள் புகைப்பதில்லை என்பதால் அவர்களுக்குக் கற்கண்டும் மசாலாவும். மற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு சிகரெட், கற்கண்டு, மசாலா. அதே போர்முனையில் தண்ணீர் சுமந்த பிஸ்திகளுக்கு? ஒரு மசாலா டப்பா, ஒரு வாழ்த்து அட்டை. அவ்வளவுதான். பரிசிலும் படிநிலை!

இனி எங்கள் ஆயாவின் டப்பாவுக்கு வருகிறேன். பண்ணையார் வீட்டில் காலியானதும் தூக்கிப் போட்ட கேப்ஸ்டன் டப்பா அது. ஆயா அதில் கிஸ்து ரசீதுகளை உருட்டி, நூல் கட்டி வைத்திருந்தது. கூரை வீட்டில் மழைக்கும் கரையானுக்கும் தாக்குப்பிடிப்பது தகரம்தான். ஊரில் கலவரம் என்றால் பிள்ளைகளோடு ஆயா கையில் எடுப்பது அந்த டப்பாவைத்தான்.

அந்த ரசீதுகளின் மதிப்பு தெரிய வேண்டுமானால் 1891-க்குப் போக வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், இம்மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதைக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் போராட்டத்தை ஒட்டி செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸையும் ஏழுமலையையும் இழந்தோம்.

ஆயா கிஸ்து கட்டிய நிலத்தில் இப்போது காம்பவுண்டு சுவர் நிற்கிறது. எங்கள் மனு நிலுவையில் இருக்கிறது. மனுவோடு இணைக்க எங்களிடம் இருந்த ஆதாரம் அந்த ரசீதுகள்தான்.

மாமல்லபுரத்துக் கடைக்காரர் ஒருவர் போகிற போக்கில் சொன்னது இது: "உள்ளே பேப்பர் கீப்பர் இருந்தா கொளுத்திடுவேன் சார். சுத்தமா இருந்தாதான் விலை போகும்." எத்தனை குடும்பங்களின் ஆதாரம் அப்படிச் சாம்பலானதோ!

மாணவத் தோழர்களே, இந்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பெரியவர்களின் டப்பாக்களைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் படமெடுங்கள். பட்டா எண்ணையும் பசலி ஆண்டையும் குறித்துக்கொண்டு, 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தாலுகா அலுவலகத்தில் பழைய பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். டி.சி. நிலம் என்று குறிப்பு இருக்கிறதா பாருங்கள். டப்பா யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். காகிதம் நம்மிடம் இருக்க வேண்டும்.