ஒரு வாசல் நிலை

எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டும் விருந்தாளிகள் மூன்றாவது பக்கத்தில் திகைத்து நிற்பது வழக்கம். "இது மதுரைக்குப் போனபோது எடுத்தது" என்று என் மனைவி சொல்லுவாள். படத்தில் மீனாக்ஷி கோயிலும் இராது, வைகை நதியும் இராது. துருப்பிடித்த ஒரு கீலும், அதில் தொங்கும் பாதிக் கதவும் இருக்கும். "இது தரங்கம்பாடி" என்பாள். காரை உதிர்ந்த ஒரு செங்கல் சுவர். "குழந்தைகள் எங்கே?" என்று விருந்தாளி கேட்டால், "அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்" என்று பதில் வரும். இதில் மிகை கொஞ்சம் உண்டு, ஆனால் அதிகமில்லை.

பள்ளிக்கூட உபாத்தியாயனுக்குக் கோடை விடுமுறை ஒன்றுதான் ஆஸ்தி. அந்த ஆஸ்தியை இருபது வருஷமாய்ப் பழைய கட்டடங்களின் பின்னால் அலைந்து செலவழித்து வருகிறேன். பிலிம் காமிரா வைத்திருந்த காலத்தில் ஒரு சுருளில் முப்பத்தாறு படங்கள்தான் என்பதால், ஒவ்வொன்றையும் யோசித்து எடுத்தேன். டிஜிடல் காமிரா வாங்கிய பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன்.

ஆயினும் இந்த அலைச்சலில் ஒரு வித்தை கைவந்திருக்கிறது. பழைய மரத்தையும் சுண்ணாம்பையும் உச்சி வெயிலில் படம் பிடிக்கவே கூடாது. அப்போது எல்லாம் தட்டையாகி, தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். பிளாஷ் விளக்கு அதைவிட மோசம். காலை ஏழு மணி வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும் பாருங்கள், அதுதான் சமயம். நூறு வருஷத்துக் கைகள் தேய்த்து மழுங்க வைத்த யானைத் துதிக்கைகூட அந்த வெளிச்சத்தில் நிழல் பெற்று எழுந்து நிற்கும். மயிரிழை போன்ற வெடிப்பும் உளி பட்ட தடமும் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கண்ணுக்குத் தெரியும். பிறகு மறைந்துவிடும்.

என் மாணவர்களுக்கு நான் லின்னேயஸ் டிரைப்பின் கதையை அடிக்கடி சொல்லுவதுண்டு. சென்னை ராஜதானியின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்ட ஆங்கில ராணுவ அதிகாரி அவர். 1858-ம் வருஷத்தில், காகித நெகடிவ்களும் பெரிய காமிராவுமாய்த் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தைப் படம் பிடித்தார். அது யாரும் செய்யக்கூடியதுதான். பிறகு அதன் அடிப்பீடத்தில் வெட்டியிருக்கும் கல்வெட்டுக்களை வரிசையாய்ப் பிடித்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். "பார்த்தீர்களா, கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவன் சாதாரண மனிதன், குனிந்து எழுத்தைப் பார்க்கிறவன்தான் ரஸிகன்" என்று வகுப்பில் கம்பீரமாய் முழங்குவேன். இப்போது அவ்வளவு கம்பீரமாய்ச் சொல்ல வாய் வருவதில்லை. காரணம் செட்டிநாட்டில் நான் பிடித்த ஒரு வாசல் நிலை.

2016-ம் வருஷம் மே மாதம் கானாடுகாத்தானுக்குச் சமீபமான ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திராத நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு தெருவில் முகப்பு இருந்தால் மறு தெருவில் புறக்கடை இருக்கும், அவ்வளவு நீளம். வெளித் திண்ணையைத் தாண்டினால் வளவு என்னும் பெரிய முற்றம். அதைச் சுற்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை. தூண்களும் நிலைகளும் பர்மாத் தேக்கு. சுண்ணாம்புச் சாந்தை அடுக்கடுக்காய்ப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர்கள் இன்றும் கண்ணாடிபோல் குளிர்ச்சியாயிருக்கின்றன. காலடியில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின்மேல் வர்ணச் சிமிட்டியை ஊற்றி உள்ளூர்க்காரர்களே வார்த்தெடுப்பது. இவ்வளவு அரண்மனைகளிலும் பெரும்பாலானவை பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள். ஆளுக்கொரு தேசத்தில் இருக்கிறார்கள்.

நான் போன வீட்டில் எண்பது வயதை நெருங்கும் ஓர் ஆச்சி மட்டும் இருந்தார்கள். "படம் பிடிக்கிறதுக்குத்தானே? தாராளமாப் பிடிங்க. காப்பி குடிச்சுட்டுப் பிடிங்க" என்றார்கள்.

வளவு வாசலில் இருந்தது அந்த நிலை. மேற்சட்டத்தில் கஜலக்ஷ்மி, இருபுறமும் கிளிகள், கீழே கொடிப் பின்னல். இடது பக்கத்து யானைக்குத் துதிக்கை நுனி உடைந்திருந்தது. இரண்டு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று படங்கள் எடுத்தேன். ஒரே ஓர் இடைஞ்சல். வலப்புறத்துக் காலின் உட்பக்கத்தில் யாரோ ஆணியால் கோடு கோடாகக் கீறிக் கெடுத்திருந்தார்கள். சிறுபிள்ளைகளின் விஷமம் என்று எண்ணி, அது படத்தில் விழாதபடி காமிராவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டேன்.

அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கி மறு வருஷம் எங்கள் பள்ளிக்கூடக் கண்காட்சியில் மாட்டினேன். வெகுவாய்ப் புகழ்ந்தார்கள். அதில் ஒருவர் எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் ஆவலுடன் விசாரித்தார். புகழ்ச்சியில் மயங்கிய வாத்தியார் எதைத்தான் மறைப்பான்? வழியைக் காகிதத்தில் வரைந்தே கொடுத்தேன்.

2018-ம் வருஷம் காரைக்குடியில், பழம்பொருள் கடைகள் வரிசையாயுள்ள தெருவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு கடைச் சுவரில் வாசல் நிலை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. கஜலக்ஷ்மி, கிளிகள். இடது யானையைப் பார்த்தேன். துதிக்கை நுனி இல்லை. எனக்கு அடிவயிறு குளிர்ந்துவிட்டது. வலக்காலின் உட்பக்கத்தைத் தடவினேன். நன்றாக இழைத்து, மெருகெண்ணெய் போட்டு, வழவழவென்று வைத்திருந்தார்கள்.

பஸ் பிடித்து ஆச்சியிடம் போனேன். வளவு வாசலில் புதுச் செங்கல் வைத்துப் பூசி, சின்னதாக ஒரு இரும்புக் கதவு போட்டிருந்தார்கள்.

"வாங்க வாத்தியாரய்யா. மழைக்கு வளவெல்லாம் ஒழுகிப்போச்சு. பங்காளிக எல்லாரையும் கேட்டு, நிலையைக் கொடுத்து ஓடு மாத்துனோம்" என்றார்கள். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. வாங்கினவர் எப்படி இந்த வீட்டைக் கண்டுபிடித்து வந்தார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர்கள் சொல்லிவிடப் போகிறார்களே என்று பயமாயிருந்தது.

"நீங்க அன்னிக்கு நெறையப் பிடிச்சீகளே, அதுல அந்தக் கோடு இருக்குமா?" என்று ஆச்சி கேட்டார்கள்.

"எந்தக் கோடு?"

"எங்க மாமியா கீறினது."

பிறகு சொன்னார்கள். மாமனார் 1938-ல் பர்மாவுக்குக் கொண்டு விற்கப் போனாராம். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் திரும்பவேண்டும். ரங்கூனிலிருந்து கடிதம் வரும் ஒவ்வொரு நாளும் மாமியார் நிலையின் உட்பக்கத்தில் ஆணியால் ஒரு கோடு போடுவார்களாம். கீழேயிருந்து மேலாக. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்; கடிதத்தை வேறொருவர் படித்துக் காட்டுவார். கோடு மட்டும் அவர்களுடையது. 1941-ம் வருஷக் கடைசியில் கடிதம் நின்றுபோயிற்று. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அந்நாட்களில் பர்மாவிலிருந்து மலையும் காடும் கடந்து நடந்தே வந்த லக்ஷக்கணக்கான ஜனங்களில் மாமனாரும் ஒருவர். "ஏழு மாசம் கோடே இல்லை. பெறகு ஆளே வந்து நின்னாகளாம். அன்னிக்கு மாமியா நெட்டையா ஒரு கோடு குறுக்க இழுத்தாக" என்றார்கள் ஆச்சி.

வீடு திரும்பியதும் நாற்பத்து மூன்று படங்களையும் ஒவ்வொன்றாய்ப் பெரிதாக்கிப் பார்த்தேன். எவ்வளவு சாமர்த்தியமாய் விலக்கியிருக்கிறேன்! முதல் படம் ஒன்றில்தான், வெளிச்சம் போதுமா என்று பரீக்ஷை பார்க்கக் கோணலாய் எடுத்து, அழிக்க மறந்துபோன படம் அது, காலின் உட்பக்கம் பாதி விழுந்திருந்தது. வளவுப் பக்கமிருந்து சாய்ந்து வந்த வெயிலில் கீறல் ஒவ்வொன்றும் தனித்தனியே நிழல் கட்டி நின்றது. எண்ணினேன், பதினேழு. மேற்பாகம் படத்துக்கு வெளியே போய்விட்டது.

அதை அச்சடித்துக்கொண்டு அடுத்த விடுமுறையில் போனேன். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்காகத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார்கள். கீழ்க் கோட்டில் விரல் வைத்து, ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டு மேலே போனார்கள். பதினேழாவதையும் தாண்டி, படத்தின் வெள்ளை ஓரத்துக்கு விரல் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தி, காகிதத்தில் குறுக்காக ஒரு தடவை தடவினார்கள்.

"நெட்டைக் கோடு இங்கின இருந்துச்சு" என்றார்கள்.