மூங்கில் குச்சியும் கண்ணாடி ஃபியூஸும்

ஆம்ப்ளிஃபயரோ ஸ்டெபிலைசரோ திடீரென்று உயிரற்றுப் போனால், மூடியைக் கழற்றியதும் கண் தேடுவது ஃபியூஸைத்தான். 20 மி.மீ. நீளம், 5 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடிக் குழாய்; இரு முனையிலும் உலோகத் தொப்பி. அது போய்விட்டதா என்று மல்டிமீட்டர் நொடியில் சொல்லிவிடும். பழைய சாதனங்களில் அதை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு.

பல வருடம் அசையாமல் கிடந்த கிளிப்பில் களிம்பு ஏறித் தொப்பியைப் பிடித்துக்கொள்கிறது. கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அவசரப்பட்டு நோஸ் ப்ளையரால் நடுவில் கவ்வி இழுத்தால் கண்ணாடி நொறுங்கும்; அல்லது குழாய் மட்டும் கையோடு வந்து, தொப்பி கிளிப்பிலேயே தங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிளிப் அகன்றுபோகும். அகன்ற கிளிப்பில் புது ஃபியூஸ் தளர்வாக உட்காரும். தளர்ந்த இணைப்பு சூடாகும். அந்தச் சூட்டில் போர்டே கருகலாம்.

அதனால் ஃபியூஸ் எடுக்க உலோகம் இல்லாத கருவிகளையே நான் நம்புகிறேன். என் பெட்டியில் இருப்பவை எல்லாம் கையால் செய்தவை: முனையை உளிபோலச் சீவிய மூங்கில் குச்சி, நுனி தேய்த்த ஐஸ் குச்சி, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டை. முதலில் ப்ளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஃபியூஸ் போன பிறகும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) உள்ள சாதனத்தின் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். மீட்டரில் பார்த்து, அது இறங்கிய பிறகே கை வைக்க வேண்டும். பிறகு ரப்பர் பட்டையால் ஃபியூஸைப் பற்றி இருந்த இடத்திலேயே இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்புவேன். களிம்பின் பிடி அதில் விட்டுப்போகும். அதற்குப் பிறகுதான் மூங்கில் முனை தொப்பியின் அடியில் நுழையும். கண்ணாடியின் அடியில் ஒருபோதும் இல்லை. இந்த முனையில் ஒரு மயிரிழை, அந்த முனையில் ஒரு மயிரிழை என்று மாறி மாறித் தூக்கினால் ஃபியூஸ் முழுசாக மேலே வந்துவிடும்.

போன ஃபியூஸ்தானே, முழுசாக வந்தால் என்ன, உடைந்து வந்தால் என்ன என்று தோன்றலாம். பழுதின் காரணத்தைச் சொல்லும் முதல் சாட்சி அதுதான். கண்ணாடி உள்ளே கறுத்து, வெள்ளிப் பூச்சு தெறித்திருந்தால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட். கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பி நடுவில் மட்டும் உருகியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை ஏறியிருக்கிறது. தொப்பியில் பொறித்த எழுத்தும் முக்கியம். எஃப் என்றால் உடனே அறுந்துவிடும் ரகம். டி என்றால் ட்ரான்ஸ்ஃபார்மர் முதலில் இழுக்கும் மின்சாரத்தைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும் ரகம். சில்லுகளாக நொறுங்கிய ஃபியூஸில் இவற்றில் பாதியைக்கூடப் படிக்க முடியாது.

எடுத்த பிறகு ஒரு சபலம் வரும். கையில் ஃபியூஸ் இல்லை, கடை மூடிவிட்டது. வயரிலிருந்து ஓர் இழையை உருவிச் சுற்றிவிட்டால் என்ன? 0.2 மி.மீ. செம்பு இழை உருக ஏறக்குறைய 7 ஆம்பியர் வேண்டும். 1 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் அதைச் சுற்றினால், இழை அறுவதற்குள் ட்ரான்ஸ்ஃபார்மர் வெந்துபோகும். சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுருட்டி வைப்பதும் இதே கதைதான். சில ரூபாய் கண்ணாடிக் குழாய் தன்னை எரித்துக்கொண்டு காப்பாற்றியதை, அடுத்த நிமிடமே நாம் நெருப்புக்குக் கொடுக்கிறோம்.

வீட்டில் கிடக்கும் பொருளை வைத்துச் சமாளிப்பது நம் மெக்கானிக்குகளின் பெருமை. அந்தச் சாமர்த்தியத்தை ஃபியூஸை எடுக்கும் குச்சியில் எவ்வளவு வேண்டுமானாலும் காட்டுங்கள். திரும்பப் போடும்போது மட்டும் அதே ஆம்பியர், அதே ரகம், புது ஃபியூஸ்.