காரைக்கால் கரையில் ஒரு கோரைப் பாத்தி

காவிரியின் கிளையாறுகள் தம் நெடும் பயணத்தை முடித்துக்கொண்டு வங்கக் கடலில் கலக்கும் கரையோரத்தில் அமைந்துள்ளது காரைக்கால். மூன்று புறமும் தமிழக மாவட்டங்கள் சூழ, கிழக்கே கடல் அரணாக நிற்க, ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் அடங்கிய சிறு நிலம் இது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்து, இன்று புதுச்சேரி ஆட்சிப் பகுதியின் ஓர் அங்கமாக விளங்குகிறது. மஸ்தான் ஸாஹிப் வலியுல்லாஹ் அவர்களின் தர்காவுக்கு வருகின்ற அன்பர்கள், ஸியாரத்தை முடித்தபின் அரசலாற்றின் கரைக்கும் சற்று நடந்து பார்க்க வேண்டும்.

ஆற்றோரத்திலும் வாய்க்கால் மருங்கிலும் ஆளுயரத்துக்குப் பசுமையாக நிற்கும் தண்டுகளைக் கண்டால், புல்லென்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். ஒரு தண்டைக் கையால் தடவிப் பாருங்கள். புல்லுக்குக் கணு உண்டு. இதற்குக் கணு இல்லை. புல்லின் தண்டு உள்ளே கூடாக இருக்கும். இதிலோ வெண்ணிறச் சோறு நிறைந்திருக்கும். இதுவே கோரை. நம் பாட்டிமார் பாயாக விரித்துக் குர்ஆன் ஓதிய கோரை இதுதான்.

பாய்க்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் முலைக்கா (ரலி) அவர்கள், பெருமானார் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார்கள். உணவு உண்டபின் பெருமானார் தொழுகை நடத்த எழுந்தபோது, அவ்வீட்டில் இருந்தது நெடுநாள் புழங்கிக் கறுத்துப்போன ஒரு பாய்தான். அதன்மீது தண்ணீர் தெளித்து விரித்தார்கள். அதன்மேல் நின்றே தொழுதார்கள். இச்செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் காணப்படுகிறது. அரபு நாட்டில் பேரீச்ச ஓலை பாயாயிற்று. நம் நாட்டில் கோரை பாயாயிற்று.

கோரை எத்துணை உயர்வை எட்ட முடியும் என்பதை அறிய விரும்புவோர் தெற்கே திருநெல்வேலிச் சீமையிலுள்ள பத்தமடைக்குச் செல்ல வேண்டும். தாமிரபரணிப் பாசனம் பெறும் அவ்வூரில் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்து வருகின்றன. கோரையை வெயிலில் உலர்த்தி, நீரில் பல நாட்கள் ஊறவைத்து, ஒவ்வொரு தண்டையும் நுண்ணிய இழைகளாகக் கீறி நெய்கிறார்கள். மடித்தால் துணியைப் போல் மடங்கும் மென்மையால் அதற்குப் பட்டுப்பாய் என்ற பெயர் வந்தது. மணமக்களின் பெயரைப் பொறித்த பாய்கள் திருமணப் பரிசாகச் செல்கின்றன. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. எனினும் நம் வீடுகளில் இன்று விரிக்கப்படுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பாயே. வியர்வையை உறிஞ்சாத, கிழிந்தபின் மண்ணில் மக்காத அப்பாயை வாங்குகிறோம். நெய்யத் தெரிந்த விரல்களை மறந்துவிடுகிறோம்.

காரைக்காலுக்கு வேறொரு கவலையும் உண்டு. இது கடைமடைப் பகுதி. ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பது மரபாயினும், திறந்த நீர் இங்கு வந்து சேர்வது கடைசியில்தான். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. நீர் மட்டுமே, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அவ்வளவையே உறுதி செய்தது. ஆகவே குளங்களைக் காப்பது இவ்வூருக்கு உயிர்ப் பிரச்சினை. 2019-இல் மாவட்ட நிர்வாகமும் பொதுமக்களும் கைகோத்து நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களைத் தூர்வாரியது போற்றத்தக்க செயலாகும். தூர்வாரிய கரை மீண்டும் மழையில் சரிந்து குளத்தை நிரப்பாமல் மண்ணை இறுகப் பற்றுவதற்குக் கோரையின் பின்னிப் படரும் வேர் பெரிதும் துணை செய்யும்.

குளம் ஊருக்குரியது. உங்கள் இல்லத்திலோ, பள்ளிவாசலிலோ நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒளு செய்யும் நீர் நாள்தோறும் ஐந்து வேளையும் சாக்கடைக்கே போகிறது. ஓடும் ஆற்றின் கரையில் ஒளு செய்தாலும் வீண் விரயம் கூடாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அந்நீர் சென்று விழும் இடத்தில் ஒரு கோரைப் பாத்தி அமையுங்கள்.

முறை எளிது. ஒரு முழ ஆழத்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். இல்லையேல் வேர் தோட்டமெங்கும் படர்ந்துவிடும். வண்டல் மண்ணும் தொழுவுரமும் நிரப்புங்கள். வாய்க்கால் ஓரத்திலிருந்து, உரியவரின் இசைவோடு, மூன்று நான்கு தண்டுகளுடன் கூடிய வேர்க்கிழங்கை எடுத்து ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். வயலில் களையாக முளைக்கும் குட்டையான கோரைக்கிழங்குச் செடியை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். அதை ஒழிப்பது அரிது. மண் எப்போதும் சேறாக இருந்தால் போதும். நீர் தேங்கினால் கொசு பெருகும். தேங்கும் இடமானால் சிறு மீன்களை விடுங்கள். கடலோரக் கிணறு உவர்க்குமானால் மழைநீரையும் கலந்து பாய்ச்சுங்கள். நல்ல வெயில் படவேண்டும். ஓராண்டளவில் வேர் ஊன்றிச் செழித்தபின் அடியோடு அறுக்கலாம். அறுத்த இடத்திலேயே மீண்டும் துளிர்க்கும்.

ஒரு தொட்டிக் கோரையால் ஒரு பாய் நெய்துவிட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாதுதான். ஆயினும் வீணான நீர் பசுமையாகும். தும்பிக்கும் தவளைக்கும் இடம் கிடைக்கும். பாய் எதிலிருந்து வருகிறதென்று உங்கள் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். கண்ட பிள்ளை நாளை கடைக்குச் செல்லும்போது கோரைப் பாயைக் கேட்டு வாங்கும். அந்தக் கேள்விதான் நெய்பவரின் அடுப்பை எரிய வைக்கும்.

ஒரு முஸ்லிம் நட்ட செடியிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ பயன் பெற்றால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. வரும் மழைக்காலத்துக்குள் உங்கள் இல்லத்தின் ஒரு மூலையில் அத்தர்மம் வேர் பிடிக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.