ஒரே பேனா எழுதிய இரு நூல்கள்

கால்டுவெல் பெயரைச் சொல்லாமல் தமிழ் வகுப்பு நடத்த இயலுமா? 1856இல் அவர் தந்த ஒப்பிலக்கணம், வடமொழியின் வயிற்றில் பிறந்தவள் அல்லள் தமிழன்னை என்பதை உலகறியச் செய்தது. 1968இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலையெடுத்தோம், தகும். ஆனால், ஒப்பிலக்கணத்துக்கு ஏழாண்டுகள் முன்பு, 1849இல், அதே பேனா வேறொரு நூலையும் எழுதிற்று. 'திருநெல்வேலிச் சாணார்' என்பது அதன் பெயர். அதையும் என் மாணவர்க்குச் சொல்கிறேன். "பழங்குப்பையைக் கிளறுவானேன், தம்பி?" என்று உடன் பணிபுரியும் முதியவர் ஒருவர் கடிந்துகொண்டார். கிளறத்தான் வேண்டும், ஒரு திருச்சபை எப்படி உடைகிறது என்ற பாடம் அந்தக் குப்பைக்கு அடியிலேதான் கிடக்கிறது.

பிளவு என்றதும் கோட்பாட்டைத் தேடுகிறோம். 1054இல் உரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் பிரிந்தபோது, திருவிருந்துக்குப் புளித்த அப்பமா, புளியாத அப்பமா என்று வாதிட்டார்கள். அப்பத்துக்குப் பின்னே நின்ற கேள்வியோ, ஆணை யாருடையது என்பது!

திருநெல்வேலிச் சீமையிலும் அப்படித்தான். இன்று நாடார் என வழங்கும் மக்கள், பனையேறிப் பிழைத்த பாட்டாளிகள், ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். மாதா கோயில் வாயிலிலாவது மனிதராக மதிக்கப்படுவோம் என்ற நம்பிக்கை அவர்கட்கு இருந்திராதா? அந்த மக்களைப் பற்றித்தான் இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் எழுதினார்: அறிவாற்றல் குறைந்தவர்கள், இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று. எழுதியது ஆங்கிலத்தில். ஆனால், ஆங்கிலம் படிக்கக் கற்றுக் கொடுத்ததும் அதே மிஷன்தானே!

அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, நாசரேத்து மிஷனில் பணியாற்றி, மிஷனரியோடு பிணங்கிப் பணியிழந்தவர். 1857இல் பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டார். ஐரோப்பியர் வழக்கங்கள் வேண்டா என்றார். ஓய்வுநாள் ஞாயிறன்று, சனிதான் என்று விவிலியத்தை விரித்துக் காட்டினார். சனியா ஞாயிறா என்பதா இந்தச் சண்டையின் வேர்? அவமதிப்பு முதலில் வந்தது. ஆதார வசனம் பிறகு வந்தது. சபையை விட்டு வெளியேறியவர் வேதத்தை விடவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர் வெறுத்தது இயேசுவை அல்ல, எசமானரை!

இன்னொன்றையும் மறைக்கலாகாது. இழிவை எதிர்த்த அந்த வீரர், தம் குலத்தார் க்ஷத்திரியர் என்று நிறுவவே பாடுபட்டார். சாதி ஏணியை முறித்தெறியவில்லை. அதில் மேற்படி கேட்டார். அவருடைய கோபத்தை வணங்குகிறேன், அவர் கேட்ட பரிசை அல்ல.

1877இல் கால்டுவெல் பேராயர் ஆனார். தமிழருக்கோ? 1912 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அம்மாதந்தான், அதே சீமையில், வெள்ளாளன்விளையில், நாடார் குடும்பத்தில் பிறந்த அசரியா, தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்; ஆங்கிலத் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதன்முறை. 'திருநெல்வேலிச் சாணார்' வெளிவந்து அப்போது 63 ஆண்டுகள் ஆகியிருந்தன.