தாங்கி

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறோம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கின் காலிபரைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட் அது. தமிழில் 'தாங்கி' எனலாம். ஆனால் பட்டறையில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் எவரும் எடுத்துத் தரமாட்டார்கள். தேரின் அச்சாணியை வள்ளுவர் உவமையாக எடுத்துக்கொண்டதால் நமக்கும் சற்றே துணிவு.

நம் மைத்துனரிடம் அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று உண்டு. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான வண்டி. 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், முன்னும் பின்னும் டிரம் பிரேக். அதன் ஓசையைக் கேட்டே எவர் வீட்டு வண்டி என்று தெரு சொல்லிவிடும். சாகுபுரத்தில் இரவு வேலை முடித்து, உப்பளங்களை ஒட்டிய சாலையில் அவர் வீடு திரும்புவது வழக்கம். சென்ற ஐப்பசி மழையில், விளக்கின்றி நின்ற லாரி ஒன்று திடீரெனக் கண்ணில் பட்டது. மிதித்த பிரேக் பிடிக்கவில்லை. வண்டியைச் சாலையோர மண்ணில் இறக்கி உயிர் தப்பினார்.

"அந்த வண்டிய வித்துருல" என்றார் மாமியார். "அது அப்பா வண்டிம்மா" என்பதற்கு மேல் மைத்துனர் எதுவும் பேசவில்லை. பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டுவிட்டால் அம்மாவின் அச்சம் தீரும், வண்டியும் வீட்டில் நிற்கும் என்பது அவர் கணக்கு. பழைய சாமான் கடையிலிருந்து வேறொரு வண்டியின் பின்சக்கரம், டிஸ்க், காலிபர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் வந்து சேர்ந்தன. பிராக்கெட் மட்டும் கிடைக்கவில்லை.  நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

"அத்தான், ஆசாரிகிட்ட நீங்க வந்து பேசுங்க" என்று அழைத்தார். லேத் பட்டறை ஆசாரி முதலில் அட்டையை வெட்டச் சொன்னார். அட்டை சரியாக அமைந்த பின் பிளைவுட். அதன் பிறகே இரும்பு. மூன்று பொருத்தங்கள் பார்க்கவேண்டும் என்றார். காலிபரின் நடுக்கோடு டிஸ்க்கின் நடுக்கோட்டோடு ஒன்றவேண்டும். இல்லையேல் பேட் ஒரு பக்கமாகத் தேயும். பேட்டின் முகம் முழுவதும் டிஸ்க்கின் மேல் படியவேண்டும். விளிம்புக்கு வெளியே நீளக்கூடாது. மூன்றாவதுதான் உயிர்நிலை: அச்சில் கோத்த பிராக்கெட் தானும் சுழன்றுவிடாதபடி சுவிங் ஆர்மில் ஓரிடத்தில் அதைக் கட்டிப்போட வேண்டும். ஆர்எக்ஸ் 100இல் டிரம் தட்டு சுழலாதபடி பிடிக்கும் பட்டைக்கம்பி ஒன்று முன்பே இருக்கிறது. அது முடியும் இடத்தையே பிராக்கெட்டுக்கும் பிடிமானமாக்கினார்.

வகுப்பறையில் யாப்பு நடத்தும் நாம் அன்று தாளில் நெம்புகோல் கணக்குப் போட்டோம். பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரத்தின் மேல் 60 கிலோ பாரம் நிற்கிறது என்று கொண்டால், டயர் தரையைப் பற்றும் விசை ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமம். சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர். பேட் கவ்வும் இடமோ மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர். ஆகவே காலிபரை இழுக்கும் விசை மும்மடங்கு, அதாவது 150 கிலோ எடைக்குச் சமம். உள்ளங்கையளவு தகடு ஒவ்வொரு முறையும் அதைத் தாங்கவேண்டும். அது முறிந்தால் காலிபர் டிஸ்க்கோடு சுழன்று ஆரைக்கம்பிகளில் மோதும், சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

அலுமினியம் இலேசாயிற்றே என்றோம். உப்புக்காற்றில் அலுமினியமும் எஃகு போல்ட்டும் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும் என்று சொல்லி, கனத்த எஃகுத் தகட்டையே எடுத்தார் ஆசாரி. துளையிட்ட ஓரங்களைப் பிசிறின்றி அரத்தால் ராவினார். பிளவு அங்கிருந்துதான் தொடங்குமாம். நான்கு நாளில் பிராக்கெட் உருவாயிற்று. பொருத்திச் சுழற்றிப் பார்த்தபோது டிஸ்க் இருபுறமும் உரசாமல் ஓடியது.

இனிச் சாலையில் ஓட்டவேண்டியதுதான் பாக்கி. இங்கேதான் நாம் தயங்கினோம்.

இக்கரையில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. கடலுக்குள் மூழ்குபவனின் கயிற்றைப் படகிலிருக்கும் மைத்துனன் கையில் கொடுப்பார்கள் என்றும், உடன்பிறந்தாளின் தாலியை நினைத்து அவன் கயிற்றை விடமாட்டான் என்றும் சொல்வதுண்டு. இங்கே முறை மாறியிருந்தது. மூழ்குபவர் மைத்துனர்; கயிறு நம் கையில்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பினின்று மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. விபத்து நேர்ந்து எதிரே வந்தவர் அடிபட்டால், 'எங்கள் பிராக்கெட் நன்றாகத்தான் இருந்தது' என்று எவரிடம் சொல்வது? மைத்துனரிடம் இதைச் சொன்னோம். அவர் முகம் வாடியது. "அப்ப வண்டிய வித்துரவா அத்தான்?" என்றார்.

விடை ஆசாரியிடமிருந்து வந்தது. கழற்றிப் போட்ட டிரம்மை அவர் திறந்து காட்டினார். பிரேக் ஷூ தேய்ந்து வழுவழுத்திருந்தது. டிரம்மின் உட்புறம் வரிவரியாகக் குழிந்திருந்தது. ஷூவை விரிக்கும் கேம் கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தது. "இத முதல்ல சரி பண்ணுவோம் சார்" என்றார். பிரேக் பிடிக்கையில் பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடும், பின்சக்கரம் இலேசாகும். அந்நிலையில் நல்ல டிரம் பிரேக்கே அதைப் பூட்டப் போதும். டயரின் பிடிக்கு மேல் எந்த டிஸ்க்காலும் நிறுத்த முடியாது. முன்பிரேக்கைச் சேர்த்துப் பிடிப்பதுதான் வண்டியை நிறுத்தும் வழி.

டிரம்மை லேத்தில் கடைந்தார். இரு சக்கரத்துக்கும் புது ஷூ, முன்சக்கரத்துக்குப் புதுக் கேபிள், பின்சக்கரத்துக்குப் புது டயர். உப்பளத்து மண்பாதையில் மைத்துனர் பத்துப் பதினைந்து முறை ஓட்டி நிறுத்திப் பார்த்தார். பின்பு அவர் சொன்னது இதுதான்: "அத்தான், அப்பா இருந்தவரைக்கும் மாசாமாசம் கழட்டிப் பாப்பாங்க. நான் தொடச்சு மட்டுந்தான் வச்சிருந்தேன்."

நாம் மறுமொழி ஏதும் சொல்லவில்லை. பிராக்கெட்டை எண்ணெய் தடவிப் பரணில் வைத்திருக்கிறார். வண்டி விற்கப்படவில்லை. சென்ற வாரம் மாமியார் அதன் பின்னிருக்கையில் அமர்ந்து திருச்செந்தூர் போய்வந்தார். புறப்படுமுன் பிரேக்கை ஒருமுறை மிதித்துக் காட்டச் சொன்னாராம்.