பழுது நாடுதல்

ஓடும்பொழுது குளிர்ந்திருந்த என் பழைய கார், கல்முனைச் சந்தை நெரிசலில் நின்றதும் கொதிக்கத் தொடங்கிற்று. ஓடுகையில் எதிர்க்காற்று றேடியேற்றரைக் குளிர்விக்கும். நிற்கையில் மின்விசிறியே துணை. ஆதலின் ஐயம் விசிறிமேற் சென்றது. புதிய மோட்டார் வாங்குவதோ ஆசிரியனுக்கு எளிதன்று.

பழுதுபார்க்கும் நானா எதையும் கழற்றினாரில்லை. பியூஸைப் பார்த்தார், நன்றாயிருந்தது. பற்றரியிலிருந்து இரு கம்பிகளால் விசிறிக்கு நேரே மின்னூட்டினார், சுழன்றது. ரிலேயை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. ஈற்றில், விசிறியின் எர்த் கம்பி காரின் உடலோடு சேருமிடத்தைக் கழற்றினார். உப்புக் காற்றால் அங்கே களிம்பேறியிருந்தது. சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கியதும் விசிறி சுழன்றது.

“சேர், மோட்டருக்கு ஒண்டுமில்ல, கரண்டு திரும்பிப் போற வழிதான் அடைபட்டிரிக்கி” என்றார்.

பாடம் ஏறாத பிள்ளையை மந்தனென்று ஒதுக்குமுன், பசியோ, பார்வைக் குறையோ, செவிக் குறையோ என்று ஆசிரியராகிய நாமும் இவ்வாறே ஒவ்வொன்றாய்ச் சோதித்தல் வேண்டும்.