கடன் வாங்கிய பீரியட்

2023இல், விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களை ஒரு விழாவில் கேட்டுக்கொண்டார். செய்தி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுத்தவள்.

ஜூலையிலேயே கேட்க ஆரம்பித்துவிடுவேன். "எடுத்துக்கோங்க டீச்சர்" என்பார் பி.டி. டீச்சர். அவருக்கு இரட்டைச் சடை போடாதவர்களைப் பிடிப்பதும், ப்ரேயரில் வரிசை சரிபார்ப்பதும்தான் முழுநேர வேலையாகிப்போயிருந்தது. ஒரே ஒரு தடவை, "பக்கத்து பாய்ஸ் ஸ்கூல்ல இப்படிக் கேட்டா பசங்க விட்ருவானுங்களா?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன். என் பிள்ளைகள் விட்டார்கள். அதனால்தான் கேட்டேன்.

பரீட்சை பாதிக் காரணம்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். வயசுக்கு வந்த பிள்ளைகள் அங்கே நிற்பவர்கள் பார்க்கக் குதிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வயிற்றுவலி என்று வந்தவளை உட்காரவைத்தேன். வலியில்லாதவர்களையும் சேர்த்து உட்காரவைத்தேன்.

ஒரு வருஷம் போர்ஷன் சீக்கிரம் முடிந்தது. எனக்கோ தலைவலி. "போய் விளையாடுங்கடி" என்று அனுப்பிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். பி.டி. டீச்சர் அறையைத் திறந்து த்ரோபாலை எடுத்துக் கொடுத்தார். வாங்கியவள் அதை நோட்டுப் புத்தகம் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். யாரும் கை நீட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் வேப்பமரத்தடிக்கு நகர்ந்தார்கள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்கள். ஆறாம் வகுப்பில் சாப்பாட்டு மணி அடித்ததும் கொக்கோ ஆடி, முட்டி சிராய்த்து வந்து நின்ற அதே பிள்ளைகள். ஒருத்தி மட்டும் எழுந்து என்னிடம் வந்தாள்.

"என்ன விளையாடணும் மிஸ்?"

கிண்டலாக இருக்குமோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த வயசில் நானும் மரத்தடியில் உட்கார்ந்தவள்தானே.

பின்னாளில் என் எலும்பு அடர்த்தியைப் பரிசோதித்த டாக்டர், பெண்களுக்கு உச்ச எலும்பு வலுவில் 90 சதவீதம் வரை 18 வயதுக்குள் சேர்ந்துவிடும் என்றார். ஓட்டமும் குதியும்தான் அதைக் கெட்டிப்படுத்துமாம். 11 முதல் 17 வயதுவரையுள்ள பெண்களில் 85 சதவீதம் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லையென்று 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று சொன்னது. படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன்.

அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, இனிமேல் பி.டி. பீரியடைக் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த வருஷம் கேட்கவும் இல்லை, அரையாண்டுத் தேர்வு மார்க் வரும்வரைக்கும்.